நூற்றுப் பதினேழாம் ஆணி

"களவு போன சாமான் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள் லோகாம்பாள்.

"ஒரு கடுகு அளவு இருக்கும்," என்றார் வெங்கிடேஸ்வரன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜுமைலாவின் முகம் விழுந்துவிட்டது. கீழே தையல் கடை வைத்திருப்பவள் அவள். லோகாம்பாளைத் தேடி யாராவது மாடியேறினால் போதும், பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவாள். இன்று வைரமோ கொலையோ என்று வந்தவளுக்குக் கடுகு என்றால் எப்படி இருக்கும்? வெங்கிடேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. அறுபத்தெட்டு வயதில், மட்டாஞ்சேரி வெயிலில் நாலு தெரு நடந்து வந்தது இவள் உதட்டைப் பிதுக்குவதைப் பார்க்கவா?

லோகாம்பாளின் முகம் மட்டும் மாறவில்லை. கப்பல் சரக்குக் காப்பீட்டில் முப்பது வருஷம் சேதம் பார்த்தவள். நனைந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்து, பட்டது கடல் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு.

"முதல்லேர்ந்து சொல்லுங்கோ," என்றாள்.

அவர் சொன்னார். கடற்படைக் கப்பல்தளம் ஒன்றில் ஆட்கள் வருவதையும் போவதையும் கணக்கு வைக்கும் டைம்கீப்பராக இருந்தவர் அவர். அந்தத் தளம் 1989-ல் எப்படி இருந்ததோ அதை அப்படியே, நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி, வீட்டு அறை முழுக்கச் செய்து வைத்திருக்கிறார். பட்டறைகள், கிரேன்கள், தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக், அதற்குள் கட்டைகள்மேல் ஏற்றி வைத்த போர்க்கப்பல். பதினோரு வருஷ வேலை. அட்டையும் மரமும் அவர் கை. பித்தளை, செம்புக் கம்பி வேலையெல்லாம் அதே தளத்தில் வெல்டராக இருந்த சிகாபுதீனின் கை. வெள்ளிக்கிழமை அது மியூசியத்துக்குப் போகிறது.

"சனிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதின நேரமாக்கும் நாங்க பண்ணியிருக்கிறது. தளத்துக்குள்ள ஒரு குஞ்சு கிடையாது. எல்லாரும் கேட்டுக்கு வெளில, சைக்கிளும் சோத்துப் பாத்திரமுமா நிக்கறா. கேட்டுக்குப் பக்கத்துல டோக்கன் போர்டு. நூத்தி நாப்பது ஆணி, நூத்தி நாப்பது பித்தளை டோக்கன். அளவுப்படி பண்ணினா கண்ணுக்கே தெரியாது, அதனால அதை மட்டும் பெரிசாப் பண்ணினோம். மியூசியக்காரா சாமான் லிஸ்ட் கேட்டா. திங்கட்கிழமை எண்ணினேன். ஒண்ணு குறையறது. நூத்திப் பதினேழு."

"அது யாரோடது?"

"சிகாபுவோடது." அவர் குரல் கெட்டிப்பட்டது. "எடுத்ததும் அவன்தான். ஏழு மாசத்துக்கு முன்னால பெரிய கிரேனைக் கீழ போட்டு உடைச்சான். ஆறு வாரத்து வேலை. கை நிதானம் இல்லாதவன் இனிமே இதைத் தொடப்படாதுன்னு சொன்னேன். கொல்லைப் பக்கம் போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா, அறைச் சாவி ஸ்டூல் மேல இருக்கு, ஆளைக் காணும். அப்புறம் போன்ல ஒரு விளி உண்டா? இல்லை. இப்போ மியூசியம்னு கேள்விப்பட்டு, கள்ளச் சாவி போட்டு வந்து, வேணும்னே குறை பண்ணியிருக்கான்."

"நீங்க அவரை விளிச்சேளா?"

"நான் எதுக்கு விளிக்கணும்? போனவன் அவன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். மனைவி போய் ஒன்பது வருஷம், மகன் காக்கநாட்டில் ஐ.டி. வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு வாசல் கதவு தட்டப்படாத இந்த ஏழு மாதமும் எப்படிப் போயிற்று என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"என்கிட்ட என்ன வேணும்?"

"பித்தளைப் பலகைல பேர் வெட்டறவன் காத்துண்டு இருக்கான். ரெண்டு பேரா, ஒரு பேரான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். கள்ளனோட பேரை என் பேருக்குப் பக்கத்துல வைக்க முடியாது. அவன்தான்னு ருசுப்படுத்திக் கொடுங்கோ, போறும்."

லோகாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வெங்கிடேஸ்வரனின் வீட்டுக்கு அடுத்தது சுக்குக் கிடங்கு. ஜன்னலைச் சாத்தினாலும் மஞ்சள் தூசி எப்படியோ வந்து படிந்துவிடும். அறைக்குள் நுழைந்ததும் ஜுமைலா வாயைப் பிளந்தாள். பட்டறை ஜன்னல்களில் கண்ணாடி இருந்தது. கயிற்றுச் சுருள்கள் இருந்தன. சுவரில் புகைபிடிக்காதே பலகைகூட இருந்தது.

"வேலைக்கு வர்ற பொம்பளைதான் அக்கா. தூசி தட்டறப்ப விழுந்திருக்கும்," என்று லோகாம்பாளின் காதில் கிசுகிசுத்தாள். கிசுகிசு கொஞ்சம் உரக்கவே இருந்தது. சாயா கொண்டுவந்த பாக்கியலக்ஷ்மி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"இந்த மேசையை நான் தொட்டா சார் என்னைத் தொலைச்சுடுவாரு. பெருக்கறது தரையை மட்டும்தான்."

"வாஸ்தவம்," என்றார் அவர். "நான்தான் பிரஷ்ஷால தட்டறது."

"முழுக்கவா?" லோகாம்பாள் மேசையில் டோக்கன் போர்டு இருந்த வாசல் முனையில் குனிந்திருந்தாள். மற்ற இடமெல்லாம் துடைத்த மாதிரி இருக்க, அங்கே மட்டும் மஞ்சளாக ஒரு போர்வை.

அவர் தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பக்கம் போகலை. அவனோட ஸ்டூல் அங்கதான் இருக்கு."

லோகாம்பாள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஆணிகளைப் பார்த்தாள், சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் சாயா கிளாஸைக் கையில் எடுத்தாள்.

"பாக்கியலக்ஷ்மி, சிகாபுதீனுக்கும் இதே மாதிரி நிறைச்சுத்தான் கொடுப்பியா?"

"முன்னெல்லாம் அப்படித்தாம்மா. கடைசி ஒரு வருஷமா அரை கிளாஸ் போதும்பாரு. குடிச்சு முடிச்சதும் இன்னொரு அரை கிளாஸ் கேப்பாரு. அதையும் நான் உள்ள வரப்ப வாங்க மாட்டாரு, ஸ்டூல்ல வெச்சுட்டுப் போம்பாரு. எனக்கு ரெண்டு நடை."

"இந்தப் பின்வரிசைச் சைக்கிள்ல எல்லாம் பத்த வெச்ச ஈயம் திட்டுத் திட்டா ஒட்டியிருக்கே?"

"கடைசியாப் பண்ணினது," என்றார் வெங்கிடேஸ்வரன். "சிரத்தை போயிடுத்து அவனுக்கு."

"சரி. அந்தப் போர்டு எப்படியாக்கும் வேலை செய்யும்? சொல்லுங்கோ."

இது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. "உள்ளே போறவன் தன்னோட டோக்கனை ஆணிலேர்ந்து எடுத்துண்டு போவான். வெளில வரப்போ திரும்ப மாட்டிடுவான். சங்கு ஊதினப்புறம் நான் எண்ணுவேன். ஆணி காலியா இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். டாக்குக்குள்ள தண்ணி விடப்படாது. போய்த் தேடணும்."

"யார் தேடணும்?"

"நான்தான். டைம்கீப்பர்." அவர் முகம் லேசாக இளகியது. "ஒரே ஒரு தடவை தேடியிருக்கேன். கப்பல் அடில, கட்டைகளுக்கு நடுவுல ஒருத்தன் தூங்கிப் போயிட்டான். அடிக்கத்தான் போனேன். கடைசில சாயா வாங்கிக் கொடுத்தேன். சிகாபு முதல்முதலா எனக்குப் பரிச்சயமானது அப்படித்தான்."

"இங்கேயும் போர்டை எண்ணுவேளோ?"

"தினம். அறையைப் பூட்டறதுக்கு முன்னால, விளையாட்டுக்கு. அவன் ஊஊன்னு சங்கு ஊதுவான், நான் எண்ணுவேன்."

"அவர் போன அன்னிக்கு?"

"தனியா எண்ண என்ன இருக்கு?"

லோகாம்பாள் வாசலுக்கு வெளியே நின்ற பொம்மைக் கூட்டத்தின் நடுவே விரலை நீட்டினாள். "இங்க யாரோ நின்னிருந்திருக்கா. பசை ஒட்டின வட்டம் தெரியறது."

வெங்கிடேஸ்வரன் குனிந்து பார்த்துப் பதறினார். "சிவப்புத் தலைக்கட்டு! அவனோட பொம்மை! பாத்தேளா, அதையும் எடுத்துண்டு போயிட்டான்!"

"அந்த வட்டத்து மேலேயும் தூசி, காலி ஆணி மேலேயும் தூசி. சுத்தி இருக்கிற அதே கனம். போன வாரம் எடுத்திருந்தா அந்த இடம் மட்டும் வெளுப்பா இருக்கும். இது ஏழு மாசத் தூசி. கள்ளச் சாவியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீங்க கொல்லைக்குப் போயிருந்த அந்த அஞ்சு நிமிஷத்துல நடந்தது."

"எப்போ எடுத்தா என்ன? களவு களவுதானே?"

"எடுத்துண்டு போனது டோக்கனை மட்டும்." அவள் தன் போனில் டார்ச்சைப் போட்டு அவரிடம் நீட்டினாள். "ஆணி காலியா இருக்கு. உங்க வேலையைப் பண்ணுங்கோ. தேடுங்கோ."

அவர் அவளை முறைத்தார். பிறகு மேசை ஓரத்தில் மெல்ல மண்டியிட்டு, டாக்கின் தரையோடு தரையாகக் கண்ணை வைத்தார். போர்க்கப்பலின் அடிவயிறு இருட்டாக இருந்தது. வெளிச்சத்தை நகர்த்தினார். நடுவில் இரண்டு கட்டைகள் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு இடையில், சிவப்புத் தலைக்கட்டோடு, தூசி மூடி, ஒற்றை ஆள் படுத்திருந்தான்.

வெங்கிடேஸ்வரனுக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. ஜுமைலாதான் கை கொடுத்தாள்.

"தன்னை உள்ள வெச்சுட்டு, டோக்கனை எடுத்துண்டு போயிருக்கார்," என்றாள் லோகாம்பாள். "ஒரேயடியா விட்டுப் போறவரா இருந்தா டோக்கனை மாட்டிட்டுப் போயிருப்பாரே. அன்னிக்குச் சாயங்காலமே நீங்க எண்ணுவேள், தேடிண்டு வருவேள்னு நெனச்சிருக்கார். பதினோரு வருஷத்துல ஒரு நாள் எண்ணாம இருந்ததில்லையே நீங்க."

"வாயால சொன்னா என்னவாம்?" என்றார் அவர். "தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை?"

"அவர் தப்பு ஒண்ணும் பண்ணலையே. அரை கிளாஸ் சாயா எதுக்கு? நிறைஞ்ச கிளாஸ் அவர் கைல தளும்பும். அது யார் கண்ணுலயும் படப்படாதுன்னுதான் ஸ்டூல்ல வெச்சுட்டுப் போகச் சொன்னது. ஈயம் திட்டுத் திட்டா விழுந்ததும், கிரேன் விழுந்ததும், இந்தக் கட்டை ரெண்டும் சாஞ்சதும் எல்லாம் ஒண்ணுதான். கை நடுங்கறது. ஒரு வருஷமா உங்ககிட்ட மறைச்சிருக்கார். சொன்னா இந்த அறைல தனக்கு என்ன வேலைன்னு பயம். கடைசில நீங்களே அதைச் சொல்லிட்டேள்."

வெங்கிடேஸ்வரன் சிகாபுதீனின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏழு மாதமாக அவர் யார்மேல் கோபப்பட்டாரோ அவன் அந்த ஏழு மாதமும் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"இருக்கானா?" என்றார்.

ஜுமைலா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். அவர்கள் பள்ளிவாசல் வட்டத்தில் அவளுக்குத் தெரியாத வீடு கிடையாது. இரண்டு விளியில் விஷயம் வந்துவிட்டது. "ஆலுவால, மகள் ரஹீனா வீட்ல இருக்காரு. மருந்து சாப்பிடறாராம். யார்கிட்டயும் அதிகம் பேசறதில்லையாம்."

ஆலுவாவுக்குத் தனியாகக் கிளம்பி, படகில் எறணாகுளம் போகும்போதே பெயர் வெட்டுகிறவனுக்கு வெங்கிடேஸ்வரன் போன் செய்தார். "ரெண்டு பேர். சிகாபுதீன் முதல்ல, என்னோடது கீழ." அங்கிருந்து மெட்ரோ. ஆலுவாவில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஆற்றங்கரைத் தெருவில் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி நாலரை ஆகியிருந்தது.

வராந்தா நாற்காலியில் சிகாபுதீன் இருந்தார். இளைத்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கி வைத்திருந்தார். வெங்கிடேஸ்வரன் படியேறி அவர் எதிரில் போய் நின்றார்.

"நூத்திப் பதினேழு," என்றார்.

சிகாபுதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"போர்டு எண்ண ஏழு மாசமா சாரே?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். கை உதறிய உதறலில் அதைத் திறக்க முடியவில்லை. வெங்கிடேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தீப்பெட்டிக்குள் ஏதோ கடுகு போல உருண்டு சத்தம் போட்டது.

"மாட்டிடுங்க சாரே. வெள்ளிக்கிழமை மியூசியம்னு கேட்டேன்."

"வேண்டாம். ஆணி காலியாவே இருக்கட்டும்." வெங்கிடேஸ்வரன் தீப்பெட்டியை அவர் பையிலேயே திரும்ப வைத்தார். "யாராவது கேட்டா, ஆள் உள்ள இருக்கான்னு சொல்லிக்கறேன்."

ரஹீனா எட்டிப் பார்த்தாள். வாப்பாவுக்கு அரை கிளாஸ் சாயா கையில் இருந்தது. வந்தவருக்கு எவ்வளவு எடுக்கட்டும் என்று கேட்டாள்.

"எனக்கும் அரை கிளாஸ் போறும், மோளே," என்றார் வெங்கிடேஸ்வரன். "அப்புறம் இன்னொரு அரை கிளாஸ்."