பெரிய சாமி மிச்சம் வைத்த இலை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒரு ஜோடி கால் கண்ணில் பட்டால் போதும், விழுந்துவிடுகிறார்கள். அது யார் கால், எங்கே போய்விட்டு வந்த கால் என்று ஒருத்தனும் கேட்பதில்லை!

மந்தாரக்குப்பம் மடத்தில் அன்றைக்கும் அப்படித்தான் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த அலறல்...

"ஐயோ... இளைய சாமி!"

இலை மேலேயே கவிழ்ந்து கிடந்தார் இளைய சாமி. வாயில் நுரை.

உயிர் இல்லை!

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பெரிய சாமி முதலில் சாப்பிடுவார். பாதியில் எழுந்து, மிச்சத்தின் மேல் விபூதி தூவி ஆசீர்வாதம் பண்ணுவார். பிறகு அந்த இலையில், அடுத்த பட்டத்துக்கு வரப்போகிற இளைய சாமி மட்டும்தான் உட்காரலாம்.

இன்ஸ்பெக்டர் திலகவதி வந்தார்.

"யாரு சமைச்சது?"

"நான்தாங்க..." என் தங்கச்சி பெரியநாயகி.

"பெரிய சாமிக்கு வெச்ச விஷம், இளையவருக்குப் போயிடுச்சு. ஏறும்மா ஜீப்ல!"

புருஷனும் இல்லாதவள். கொலைக்கேஸில் உள்ளே போனால் உயிரோடு திரும்ப மாட்டாள்!

"மேடம்... பெரிய சாமியும் அதே எலையிலதான சாப்ட்டாரு? அவரு ஏன் சாவல?"

"யோவ் சடையப்பா!" மைன்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து கும்பிட வந்திருந்த சிவசங்கர் சீறினான். "அது தபோபலம்யா! வெஷத்த தொண்டையிலயே நிறுத்திட்டாரு!"

அவ்வளவுதான்... மறுபடியும் தொப் தொப்பென்று விழுந்தார்கள்!

பெரிய சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மைன்ஸில் நிலக்கரி போகும் பெல்ட் ஓட்டியவன் நான். எது கெட்டாலும், கடைசியாகத் தொட்டவன் யார் என்றுதான் முதலில் பார்ப்போம்.

நேராகப் போய்க் கையை ஏந்தினேன்.

"சாமி, துன்னூறு குடுங்க. வாயில போட்டுக்கறேன்."

தட்டை நகர்த்தினார். "எடுத்துக்கப்பா."

"இது வேணாங்க. எலையில தூவினீங்களே... இடுப்புல இருக்குதே அந்தச் சின்ன சம்புடம். அதுலருந்து குடுங்க."

கண் திறந்தது!

"அது... துறவிகளுக்கு மட்டும்."

"சரிங்க. நீங்களும் துறவிதான? நீங்க ஒரு சிட்டிகை போட்டுக்கங்க."

மடிக்குக் கை போனது... சம்புடம் வெளியே வந்தது... மூடி திறந்தது... விரல் உள்ளே போனது...

வெளியே வரவில்லை!

சம்புடம் நழுவி உருண்டது. திலகவதி கைக்குட்டையால் அமுக்கிப் பிடித்தார்.

"எதுக்கு சாமி?"

"நாளைக்கு அவனுக்குப் பட்டம் கட்டிட்டு ஒதுங்கச் சொன்னாங்க..." முதல் தடவையாக அது மனுஷக் குரலாக இருந்தது. "வீடு, வாசல், பெத்தவங்க வெச்ச பேரு... எல்லாத்தையும் துறந்தேன். இந்த ஒரு நாற்காலிய மட்டும் துறக்க முடியலம்மா."

பாவம் இளைய சாமி. இத்தனை வருஷமும் கான்ட்ராக்ட். விடிந்தால் பர்மனென்ட்!

பெரிய சாமியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. என் தங்கச்சி ஓடிப்போய் அதன் முன்னாலேயே விழுந்து கும்பிட்டாள்!

"ஏ... உன்னிய மாட்டிவிடப் பாத்த ஆளு அவரு!"

"சும்மா இருண்ணே! சாமிய கேள்வி கேட்டா குடும்பம் வெளங்குமா?"

மறுநாள் மத்தியானம் அவளைக் கூட்டிவர மடத்துக்குப் போனேன். வர மாட்டேன் என்றாள். அதே அடுப்பு, அதே கரண்டி!

கூடத்தில் அதே நாற்காலி. நேற்றுவரை பெரிய சாமிக்குச் செம்பு தூக்கிக்கொண்டு நடந்த சீடர், சின்ன சாமி, அதில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வரிசை. சிவசங்கர்தான் முதல் ஆள்!

இலை வந்தது. நாலு வாய் சாப்பிட்டார் புதுச் சாமி. இடுப்பிலிருந்து ஒரு புதுச் சம்புடம் எடுத்து, மிச்சத்தின் மேல் தூவினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மடத்து மானத்தக் காப்பாத்துனவரு நீங்க. இன்னிக்கி இந்த எலை உங்களுக்குத்தான். உக்காருங்க!"

அவர் முகத்தைப் பார்த்தேன். இலையைப் பார்த்தேன். திரும்பி நடந்து செருப்பை மாட்டினேன்.

"இருக்கட்டுங்க சாமி. எனக்கு வூட்ல பழைய சோறு இருக்குது. அத யாரும் ஆசீர்வாதம் பண்ணல!"