முகவரி கேட்காத ஓடை

மழைக்கு ஒதுங்குகிறான் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள். தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, பம்பு உதிரிபாகக் கடையின் முகப்பு மேசைக்கு எதிரே வந்து நின்றவனோ ஒதுங்க வரவில்லை... சண்டைக்கு வந்திருந்தான்.

"கைப்பேசிக்கு வர்ற உங்க செய்தியோடையைப் பாத்துக்கறது யாருங்க?"

"என்ன விஷயம், சொல்லுங்க."

"திங்கக்கிழமையிலேர்ந்து பாதிதான் வருது. நாலு வரி வந்து, 'மேலும் படிக்க'ன்னு நின்னுடுது. நான் பம்பு மெக்கானிக். முப்பதடி குழிக்குள்ள நின்னுக்கிட்டு எங்க போய் மேலும் படிக்கிறது? அங்க சிக்னலே கிடையாது. காலைல கைப்பேசியில இறங்குனதுதான் எனக்குத் துணை. நேத்து, 'பம்பின் ஆயில் சீலைக் கழற்றும் முன் மறக்காமல்...' அதோட சரி. எதை மறக்கக் கூடாதுன்னு தெரியாம அரை மணி நேரம் நின்னேங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. நான்கு ஆண்டுகளாக அந்தக் கடையின் இணையதளத்தில் வாரம் இருமுறை குறிப்பு எழுதுபவள் அவள்தான். எந்தப் பம்புக்கு எந்த சீல், எந்தச் சத்தம் எந்தக் கோளாறு... அவள் எழுதி ஏற்றியதும், ஓடையைச் சேர்த்துக்கொண்டவர்களின் கைப்பேசிக்கு அது தானே போய்ச் சேரும். பெயர் கேட்காது, முகவரி கேட்காது. கடையின் உரிமையாளரான அவளுடைய அண்ணனுக்கு அதுவே உறுத்தல். "படிக்கிறவன் யாருன்னே தெரியல. கிணத்துல கல்லைப் போடுற மாதிரி எழுதிக்கிட்டு இருக்கே" என்று சொல்லி, ஓடையைப் பாதியாக வெட்டச் சொன்னவர் அவர்.

"சும்மா கிடைக்கிறதுக்கே இவ்வளவு குறையா?" என்றாள்.

"குறை சொல்லலீங்க. அந்தப் பெரியவர் எழுதுறதைப் படிச்சுத்தான் நான் பாதித் தொழிலே கத்துக்கிட்டேன். ஒரு தடவை நேர்ல பாத்துக் கும்பிடணும்."

"எந்தப் பெரியவர்?"

"எழுதுறவர்தான். ரிட்டயர் ஆன இன்ஜினியரா இருப்பார். அறுபத்தஞ்சாவது இருக்கும். கொஞ்சம் சிடுசிடுப்பு, ஆனா தங்கமான மனுஷன்."

"சிடுசிடுப்புன்னு எப்படித் தெரியும்?"

"'இதை முன்பே சொல்லியிருக்கிறேன்'னு மாசத்துக்கு ரெண்டு தடவை திட்டுவாரே."

"அறுபத்தஞ்சு ஆகல" என்றாள் அவள், நிமிர்ந்து. "இருபத்தொம்பதுதான்."

அவன் பார்த்தான். இமையோரத்தில் தங்கியிருந்த மழைத்துளியைத் துடைக்கவும் மறந்து பார்த்தான். அந்தக் கண்களில் சண்டை கரைந்து, வியப்பு வந்து, அதன்பின் ஏதோ ஒன்று வந்தபோது... அவள்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்களா..." என்றான். "ரொம்ப நன்றிங்க." வாங்க வந்ததையும் வாங்காமல், மழையிலேயே இறங்கிப் போனான்.

அன்று மாலையே அவள் ஓடையை முழுமையாகத் திறந்துவிட்டாள். அவனோ அதன்பின் தினமும் வந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாஷர் வாங்கினான்.

"ஒரு வாஷருக்காகவா இவ்வளவு தூரம்?"

"மொத்தமா வாங்கினா வீணாப் போயிடுமே."

"வாஷரா?"

"ரப்பருங்க... நாளாச்சுன்னா விறைச்சுக்கும்."

நான்காம் நாள் அண்ணன் கண்டுகொண்டார். "வாஷர் வாங்க வர்றவனுக்காகத்தான் ஓடையைத் திறந்துவிட்டியா? வெள்ளிக்கிழமை காலையோட அதை மூடிடு."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. நான்கு ஆண்டு உழைப்பு ஒருவனுக்காகச் செய்ததாகிவிடுமா? மாலையில் அவன் வந்தபோது அவள் தலை நிமிரவில்லை. "வேணுங்கறதை மொத்தமா வாங்கிட்டுப் போயிடுங்க."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு டஜன் வாஷர்களை வாங்கிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை மாலை அவள் விடைபெறும் குறிப்பை எழுதினாள். 'யாரென்று தெரியாமலே உங்களுக்காக எழுதினேன். எழுதியதால் நானும் கற்றேன். இதுவரை படித்த அனைவருக்கும் நன்றி. இப்படிக்கு, கடையின் முகப்பு மேசையில் அமர்ந்திருப்பவள்.' அதற்குக் கீழே, மனம் தாங்காமல், தனக்காக மட்டும் சில வரிகள்... 'மழையில் நனைந்து வந்து என்னோடு சண்டையிட்டவருக்கு: என் எழுத்தைப் படிப்பவருக்கு இத்தனை அழகான கண்கள் இருக்குமென்று நான் எண்ணியதில்லை. போகச் சொன்னது என் வீம்பு. மன்னித்து, மறுபடி வாருங்கள்.'

அந்த வரிகளை நீக்க மறந்து ஏற்றிவிட்டாள். நான்கு நிமிடத்தில் கண்டு, பதறி அழித்தாள். ஆனால், தளத்தில் அழித்தால் தளத்தில்தான் அழியும். ஓடையில் போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் ஒரு கனத்த மனிதர் வந்தார். "ரெண்டு அங்குல வால்வு ஒண்ணு குடும்மா. ஆமா... அந்த மழைக்காரர் வந்தாரா?"

அவளுக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது. அவருக்குப் பின்னால் குடியிருப்பு ஒன்றின் பம்பறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். "ஓடையை மூடிடாதேடி கண்ணு. என் வேலையே அதுலதான் ஓடுது. பையன் வந்தானா இல்லையா?" நண்பகலுக்குள் பதினேழு பேர். எண்ணெய்க் கறை படிந்த கைகளைக் கூப்பி, ஒவ்வொருவரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள். பாதிப்பேர் அண்ணனைக் கடிந்துகொண்டார்கள்.

அண்ணன் வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். "இத்தனை பேரா..." என்றார் கடைசியில். "மூட வேண்டாம். முழுசாவே போகட்டும். அந்தப் பையன் வந்தா என்னைக் கூப்பிடு."

"என்ன பேசப் போறீங்க?"

"வாஷர் விலையா பேசுவேன்? வீட்டுக்கு எப்ப வர்றான்னு கேக்கணும்."

மூன்று மணிக்கு, முழங்கால்வரை சேறுடன், அவன் வந்தான்.

"அதை அழிச்சிட்டேன்" என்றாள் முந்திக்கொண்டு.

"உங்ககிட்ட அழிஞ்சிருக்கும். என்கிட்ட இருக்கு. காலைலேர்ந்து ஏழு மெக்கானிக் கூப்பிட்டு, 'அது நீதானடா'ன்னு கேட்டாச்சு."

அவள் முகம் சிவந்தது. வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

"எனக்கு உங்க மாதிரி எழுத வராது. நேராவே சொல்றேன்" என்றான் அவன், மெல்ல. "நாலு வருஷமா நான் தனியாக் குழியில இறங்குறப்பல்லாம் நீங்கதான் கூட வந்தீங்க. யாருன்னு தெரியாமலே உங்களை நம்பினேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் மேல ஏறி வர்றப்பவும்... நீங்க இருக்கணும்."

கிணற்றில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட சொற்களெல்லாம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, அவற்றுள் ஒன்று இவனையும் அழைத்து வந்திருக்கிறது... நன்றி சொல்ல வாயெடுத்தாள், கண்ணீர் முந்திக்கொண்டது. அதை மறைக்காமலே உள்ளறைப் பக்கம் திரும்பி, உறுதியான குரலில் அழைத்தாள்.

"அண்ணா... அவர் வந்திருக்கார்."