பெல்ட் போடாத ஆள்

டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் பெல்ட் பூட்டில் யாரோ ஒரு கிளிப்பைச் செருகி வைத்திருந்தார்கள். விரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டு, அதற்குக் கறுப்பு பிளாஸ்டிக் பிடி. கேம்ப் ரோடு கடைகளில் சரம் சரமாகத் தொங்குமே, அதேதான். செருகிவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போட்டுவிட்டார் என்று வண்டி நம்பிவிடும். 'டிங் டிங்' என்று நச்சரிக்காது. மெஹ்னாஸ் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அசார் தினமும் தனியாகத்தான் ஆபீஸ் போய்வந்தான். தனியாகப் போகிறவனுக்குப் பக்கத்து சீட்டில் கிளிப் எதற்கு?

அசார் தம்மாமுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. எட்டு வருஷமாகச் சேலையூரை விட்டு நகர மாட்டேன் என்றிருந்தவன், ஒரே மாதத்தில் வேலை தேடி, விசா வாங்கிக் கிளம்பிவிட்டான். ஏர்போர்ட்டுக்குக்கூடச் சொந்தக் காரில் போகாமல் ஆட்டோ பிடித்தான். போகும்போது சொன்னது ஒன்றுதான். காரை விற்றுவிடு, நீ ஓட்டாதே, எலக்ட்ரீஷியன் ஜெபராஜை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்து விளம்பரம் போடு. அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எல்லாம் தோன்றியது.

அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் பகலிலும் பாதி இருட்டு. மோட்டார் ரூமிலிருந்து தண்ணீர் ஏறும் உறுமல் கேட்டது. காருக்குள் இரண்டு நாள் மூடிவைத்த ஈரத்துணியின் வாசனை. விளம்பரத்துக்காக அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் படமெடுத்தாள். டச் ஸ்கிரீன் வேலை செய்தது. ரிவர்ஸ் கேமராவில் பின்சுவரின் பாசிகூடத் தெரிந்தது. ஏசி, பவர் விண்டோ, வேகம் பிடித்ததும் தானே பூட்டிக்கொள்ளும் கதவுகள், எல்லாம் சரி. புளூடூத்தைத் தட்டினாள். இதுவரை இணைந்த போன்களின் பட்டியல் வந்தது. அசார். மெஹ்னாஸ். வினிதா.

அந்த மூன்றாவது பெயரை இன்னொரு தடவை படித்தாள். எட்டு மாதமாக அவள் இந்த முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. 'பாப்பாகூட பின்னாடி உட்காரு, தனியா இருந்தா தூங்கி விழுவா' என்று அசார்தான் உட்கார வைத்தான். எவ்வளவு அக்கறை என்று அவள் தன் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்து காதைச் சுட்டது. திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் அவளுடைய இடத்துக்கும் ஆறு வயது மகள் நஸீஹாவின் இடத்துக்கும் நடுவே, மூன்றாவது பூட்டிலும் ஒரு கிளிப் இருந்தது.

உடனே அசாருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வினிதா யாரு?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"எங்க பாத்தே?"

எந்த வினிதா என்று கேட்கவில்லை. எங்கே பார்த்தாய் என்று கேட்கிறான்.

"கார் ஸ்கிரீன்ல பேரு இருக்கு. முன் சீட்டுல கிளிப்பும் இருக்கு."

"அது பழைய ஓனரோட வீட்டுக்காரி, மெஹ்னா. அவங்க போன். அழிக்காம விட்டிருப்பாங்க." குரல் சட்டென்று மாறியது. "கிளிப்பை எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"எடுக்காதே. சென்சார் போயிடுச்சு, சும்மா கத்தும். நான் ஒரு தடவ எடுத்துப் பாத்தேன், போதும்னு ஆயிடுச்சு. அப்படியே வித்துடு."

வைத்துவிட்டான். மகளைப் பற்றிக்கூட விசாரிக்கவில்லை. கிளிப் மேல் அப்படியென்ன பாசம் என்று மெஹ்னாஸ் பல்லைக் கடித்தாள்.

பதினொரு மணிக்கு ஜெபராஜ் வந்தான். கேம்ப் ரோட்டில் கார் எலக்ட்ரீஷியன். வண்டி வாங்கிய எட்டு மாதமாக எல்லா வேலையும் அவன்தான் பார்க்கிறான். பழைய கார் என்றால் சொந்த அண்ணனையே நம்ப மாட்டான். ஒவ்வொரு பெல்ட்டாகக் கடைசிவரை இழுத்துப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்னு பாக்குறீங்களாக்கா? வெள்ளத்துல மூழ்கின வண்டிய தொடைச்சி பாலிஷ் போட்டு வித்துருவானுங்க. ஆனா பெல்ட்டு உள்ளாற சுத்திக்கினு இருக்கும் பாரு, அத்த எவனும் கழுவ மாட்டான். இழுத்தா சேத்துக் கோடு தெரியும்."

நான்கு பெல்ட்டும் சுத்தமாக இருந்தன. முன்னால் இடது பக்கத்து பெல்ட்டை இழுத்தபோது அவன் குனிந்து பார்த்தான். குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி வந்த நாடாவெல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தது. அவன் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"எங்கக்கா வாங்குனீங்க இந்த வண்டிய?"

"பீர்க்கன்கரணையில. ஏரிக்கு எதிர்ல ஒரு வீடு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மத்ததெல்லாம் காஞ்சி கீது. இது மட்டும் ஈரமா கீது."

"அதனாலதான் சென்சார் கெட்டுப்போச்சா? அவர் அப்படித்தான் சொல்றாரு."

ஜெபராஜ் வண்டியின் சென்சார்களைப் படித்துக்காட்டும் தன் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, இரண்டு கிளிப்பையும் பிடுங்கி அவளிடம் கொடுத்தான். கிளிப்பைப் பார்த்தாலே வாங்குகிறவர்கள் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள் என்றான். சாவியைத் திருப்பினான். டிங். டிங். டிங். முன் சீட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் கருவியைப் பார்த்தான். காலி சீட்டில் கையை வைத்து அழுத்தினான். எடுத்தான். மறுபடி பார்த்தான்.

"சென்சார் கெட்டுப் போவலக்கா. நான் அழுத்துனா ஏறுது, எடுத்தா இறங்குது. கரெக்டா காட்டுது."

"என்ன காட்டுது?"

"அம்பத்திரெண்டு கிலோ."

அவன் கருவியைப் பிடுங்கிப் பையில் போட்டான். சாவியைத் திருப்பி அணைத்தான். வயரிங்காக இருக்கும், இன்னொரு நாள் பார்க்கலாம், அதுவரை கிளிப்பைப் போட்டே வையுங்கள் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். டெஸ்டரைக் கார் கூரைமேலேயே மறந்துவிட்டுப் போனான். எடுக்கத் திரும்பி வரவில்லை.

இவனுக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் மெஹ்னாஸ் நினைத்தாள். அசாரின் சிநேகிதன்தானே, வாயைத் திறப்பானா? ஐம்பத்திரண்டு கிலோ. அங்கே உட்கார்ந்து போனவளின் எடையாகத்தான் இருக்கும், தன்னைவிட ஆறு கிலோ குறைவு. வெறும் சீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் பொறாமை அடங்கவில்லை. குப்பை வண்டி வாசலில் பாட்டுப் போட்டபடி நின்றது. போய் இரண்டு கிளிப்பையும் அதில் விட்டெறிந்தாள். ஸ்கிரீனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். வினிதா போனாள். 'எல்லா சென்சாரும் ஒரிஜினல், சீட் பெல்ட் அலாரம் உட்பட நன்றாக வேலை செய்கிறது' என்று விளம்பரத்தில் எழுதினாள். அந்த வரியை அசார் படிக்கவேண்டும் என்றே எழுதினாள்.

ஒரு மணி நேரத்தில் வண்டலூரிலிருந்து லாசரஸ் என்ற ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து காட்டமுடியுமா அம்மா என்று கேட்டார். ஜெபராஜுக்கு நான்கு தடவை அடித்தாள். எடுக்கவில்லை. சரி, லைசென்ஸ் எதற்கு இருக்கிறது? மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நஸீஹாவை ஏற்றிக்கொண்டாள். பின் சீட்டில் இடது ஓரம், மகளின் வழக்கமான இடம். பெல்ட்டைப் போட்டுவிட்டாள். மீட்டருக்குப் பக்கத்தில் பின் சீட்டின் மூன்று குட்டி உருவங்களில் இடது பக்கத்து உருவம் பச்சையானது.

வண்டி நகர்ந்ததும் தொடங்கிவிட்டது. டிங். டிங். டிங்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

"கெட்டுப்போச்சுடா. இன்னிக்கு ஒரு நாள்தான்."

"தூக்கம் வருது."

மழைக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம் சாலை முழுக்கப் படிந்திருந்தது. நான்கு மணிக்கே கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள். தாம்பரம் வருவதற்குள் நஸீஹா தூங்கிவிட்டாள். ஏசியிலிருந்து வந்த காற்றில் ஈரத்துணி வாசனை போய் வேறொன்று வந்தது. தண்ணீர் வற்றிய இடத்துச் சேற்றின் வாசனை, அழுகிய ஆகாயத்தாமரையின் வாசனை. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினாள். லாரிப் புகையும் ஹாரனும் உள்ளே வந்தன. வாசனை போகவில்லை. சத்தமும் நிற்கவில்லை.

சிக்னலில் வண்டி நின்றது. பெல்ட்டை மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும், இது ஏன் முன்பே தோன்றவில்லை? மெஹ்னாஸ் சாய்ந்து, இடது பக்கத்து பெல்ட்டை எட்டிப் பிடித்து இழுத்தாள். ஈரம். காலி சீட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து பூட்டை நோக்கி இழுத்தாள்.

எட்டவில்லை.

நாடா சீட்டில் படியவில்லை. சாய்மானத்துக்கு ஒரு சாண் முன்னால், காற்றில், எதன்மேலோ முட்டி நின்றது. தோள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேடு. அந்த மேடு மெதுவாக எழும்பியது. மெதுவாக இறங்கியது.

கையை விட்டாள். பெல்ட் சர்ரென்று ஓடவில்லை. ஆற அமர, யாரோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல், திரும்பப் போனது.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓட்டினாள். வேறு என்ன செய்வது? கிளிப் குப்பையில். இடது பக்கம் திரும்பக்கூடாது. சாலையை மட்டும் பார்க்கவேண்டும். வாய் தானாகக் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைச் சொன்னது, பாதியில் மறந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஓரக்கண்ணில் ஸ்கிரீன் ஒளிர்ந்தது. எல்லாவற்றையும் அழித்திருந்த பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

வினிதா. இணைக்கப்பட்டது.

தாம்பரம் தாண்டியது. அப்போதுதான் மெஹ்னாஸுக்கு எல்லாம் விளங்கியது. அசாருக்கு எவளும் இல்லை. வினிதா பழைய ஓனரின் செத்துப்போன மனைவி, இந்தச் சீட்டை விட்டு அவள் இறங்கவே இல்லை. எட்டு மாதம் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான். பூட்டை அடைத்து, அதை அதன் இடத்திலேயே இருத்திவைத்து, பெண்டாட்டியையும் பிள்ளையையும் பின்னால் உட்காரவைத்து, நடுவிலும் ஒரு கிளிப்பைப் போட்டு. சொன்னால் நம்புவாளா என்று பயந்தே இருந்திருப்பான். அவள்தான் பிடுங்கி எறிந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்று ராத்திரி அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பீர்க்கன்கரணை. கட்டடங்களின் இடைவெளியில் ஏரியின் ஒரு துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஏரிப் பக்கம் போகும் தெருவில் திரும்பி, ஓரமாக நிறுத்தி, நான்கு கதவுகளின் பூட்டையும் திறந்தாள்.

"உங்க வீடு இங்கதானே?" இடது பக்கம் திரும்பாமலே கேட்டாள். "இறங்கிக்கோங்க. நான் தப்பா நெனச்சுட்டேன். இறங்கிக்கோங்கம்மா."

டிங். டிங். டிங்.

டிங்.

நின்றுவிட்டது.

இடது பக்கம் பார்த்தாள். பெல்ட் தூணோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு காலி. பெல்ட் போடாமலே சத்தம் நின்றது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சீட்டில் யாரும் இல்லை. சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. குஷனில் இருந்த பள்ளம் மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வேகம் பிடித்ததும் நான்கு கதவுகளும் டக்கென்று தாமாகப் பூட்டிக்கொண்டன. அதையும் விளம்பரத்தில் எழுதியிருந்தாள்.

டிங்.

முன் சீட்டு விளக்கு எரியவில்லை.

டிங்.

மீட்டருக்குப் பக்கத்தில் மூன்று குட்டி உருவங்கள். இடது ஓரம் பச்சை, நஸீஹா. நடுவில் இருந்தது சிவப்பு.

பின்னால் நாடா இழுபடும் சத்தம். நிதானமாக. நீளமாக.

க்ளிக்.

நடு உருவம் பச்சையானது. சத்தம் நின்றது. காருக்குள் மழையின் ஓசையும் மகளின் மூச்சும் மட்டும் இருந்தன. கூடவே இன்னொரு மூச்சு.

மெஹ்னாஸ் உள்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். நஸீஹா ஆழ்ந்த தூக்கத்தில் நடுப்பக்கம் சாய்ந்திருந்தாள். கன்னம் அமுங்கி, உதடு லேசாகப் பிளந்து, அவள் தலை ஒன்றுமே இல்லாத காற்றில் சுகமாக ஒண்டியிருந்தது. நெற்றியில் விழுந்திருந்த முடி, யாரோ விரலால் ஒதுக்கியதுபோல், மெல்லக் காதோரம் நகர்ந்தது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி வண்டி பலமாகக் குலுங்கியது. அந்தத் தலை சரியவில்லை.