மூன்றாம் வரிசைப் பிணம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐலி தன் தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது. ஒரு கையில் ஏலக்காய் ரொட்டி, இன்னொரு கையில் ஒரு வீடியோ கேசட். இழுத்து மூடப்போகும் கேசட் கடையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை அவள்தான் தேடி எடுத்திருந்தாள். அட்டையில் அணுகுண்டில் எரிந்த நகரமும் அதன் மேல் ஒரு பல்லிமூஞ்சி அரக்கனும். பார்த்தவுடனேயே தெரிந்தது, படம் மகா மட்டம். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

கதவைத் திறப்பதற்குள் தம்பி வெர்னர் இரண்டு முறை இருமி முடித்தான். இருபது வருஷம் இரும்புச் சுரங்கத்துப் புழுதியைத் தின்ற நெஞ்சு. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் ஐலியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து வளர்த்தவள் ஐலி. அவனைச் சிரிக்க வைப்பதைத் தவிர இனி அவளால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

"என்னக்கா, இந்த வாரம் என்ன குப்பை?"

"உலகமே அழிஞ்சுபோச்சாம்டா. நம்ம பக்கத்துச் சுரங்கத்துலதான் எடுத்திருக்கானுங்க."

"அப்போ செட்டுப் போட்டிருக்கவே மாட்டான். மினசோட்டா ஜனவரி மாசமே போதும், உலகம் அழிஞ்ச மாதிரிதான் இருக்கும்."

வீட்டுக்குக் கீழே இருந்த நிலவறையில்தான் அவர்களுடைய நிகழ்ச்சி. ஒரு டிவி, இரண்டு நாற்காலி, இரண்டு மைக். மட்டமான படத்தை ஓடவிட்டு வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பார்கள்; அது பதிவாகி, வெள்ளிக்கிழமை ஊர் கேபிளில் வரும். முன்கூட்டியே படத்தைப் பார்த்து வைப்பதில்லை. பதிவு தொடங்கிவிட்டால் வானமே இடிந்தாலும் நிறுத்துவதில்லை. வசனமே இல்லாமல் மூலையில் நிற்கிற துணை நடிகர்களுக்கு வெர்னர் குரல் கொடுப்பான், ஐலி பதில் பேசுவாள். ஊர் ஜனங்கள் அதற்காகவே பார்த்தார்கள்.

படம் ஏமாற்றவில்லை. அரக்கனின் முதுகில் ஜிப் பளிச்சென்று தெரிந்தது.

"குளிருக்கு அவங்கம்மா மாட்டிவிட்டிருக்கா," என்றான் வெர்னர்.

"கதிர்வீச்சுல ஊரே செத்துப்போச்சு, அந்தப் பொம்பளை தலைமுடிச் சுருள் மட்டும் கலையவே இல்ல பாரு!"

"பின்னாடி லாரி போகுதுக்கா. உலகம் அழிஞ்சாலும் பால் வண்டி நிக்கல."

அவன் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். ஐலிக்கு மனசு நிறைந்துபோனது.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. சுரங்கத்துக்குள் பதுங்கி, அங்கேயே செத்துப்போன ஜனங்கள். நாலு வரிசையாகப் பிணங்கள். கேமரா அவற்றின் மேல் மெல்ல நகர்ந்தது.

"செத்தவன் மூச்சு விடுறான்க்கா! அந்தத் தொப்பை ஏறி இறங்குது பாரு."

"இந்தக் கிழவி மூக்கைச் சொறியுறா."

"எல்லாப் பிணமும் நம்மளை விட ஆரோக்கியமா இருக்கு. இரு, இரு. மூணாவது வரிசையில பாரு. சுரங்கத்துச் சட்டை போட்டவன்."

அவன் மட்டும் அசையவில்லை. மார்பு அசையவில்லை, இமையும் அசையவில்லை. கேமரா அவன் மேலேயே வெகுநேரம் நின்றது. தேவையே இல்லாமல் நின்றது.

"இந்தப் படத்துலயே நடிக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்," என்றான் வெர்னர். பிறகு தொண்டையைச் செருமி, கரகரத்த ஒரு குரலை எடுத்தான். "மூச்சு விடாதேன்னு டைரக்டர் சொன்னாரு. விடல. எப்போ விடலாம்னு யாருமே வந்து சொல்லலைங்க."

ஐலி விழுந்து விழுந்து சிரித்தாள். மைக்கை இழுத்து, டைரக்டர் மாதிரி அதட்டினாள்.

"கட்! போதும்ப்பா. இப்போ மூச்சு விட்டுக்கோ."

திரையில் அந்த மார்பு ஏறியது.

மெதுவாக. மிக மெதுவாக.

ஈரமண்ணும் துருவும் கலந்த வாடை அறையில் பரவியது. பக்கத்தில் வெர்னரின் இருமல் சட்டென்று நின்றது. ஐலி திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்து, வாய் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல் கிடந்தான்.

"ஆஹா! இவனும் போட்டிக்கு வந்துட்டான்ப்பா," என்றாள் மைக்கில். "நேயர்களே, இவன் மூச்சு விடாம எவ்வளவு நேரம் தாங்குறான்னு பார்ப்போம். ஒண்ணு. ரெண்டு. மூணு..."

இருபது வரை எண்ணினாள்.

இருபத்தொன்றில்தான் அவன் உதடு நீலமாக இருப்பது கண்ணில் பட்டது.

பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு வரிசையாக நினைவில்லை. அவனைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினாள், வாயில் ஊதினாள், கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அவனுக்கு மூச்சு திரும்பிவிட்டது. தன்னைத்தானே அவள் மன்னிக்கவில்லை, ஆனால் கடவுளுக்கு நூறு தரம் நன்றி சொன்னாள்.

மூன்றாம் நாள் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "புழுதியோட சுவடே இல்லையேம்மா. என் அனுபவத்துல இப்படி நான் பார்த்ததில்ல. சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

காரில் வரும்போது வெர்னர் அந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆழமாக, ருசித்து ருசித்து மூச்சிழுத்துக்கொண்டே வந்தான். ஒரு தடவைகூட இருமவில்லை. ஊர் எல்லை வந்ததும் மெல்லத் திரும்பினான்.

"ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க," என்றான் கரகரத்த குரலில். "உங்க பேரு என்னம்மா?"

ஐலி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். எங்கும் நிறுத்தாமல் வீடுவரை ஓட்டினாள். அவனைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, நேராக நிலவறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்தக் காட்சியைப் போட்டாள்.

மூன்றாவது வரிசை. அதே சுரங்கத்துச் சட்டை.

முகம் மட்டும் வேறு.

அவளுடைய தம்பி அங்கே கிடந்தான். அவன் மார்பு படபடவென்று ஏறி இறங்கியது. காற்றுக்குத் தவிக்கிற வாய் எதையோ சொன்னது. ஒலி வரவில்லை. ஆனால் 'அக்கா' என்று சொல்லும் உதடுகளை அவளுக்குத் தெரியாதா? திரையில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். "கட்!" என்று அலறினாள். "போதும்டா, எழுந்து வாடா! வெர்னர், எழுந்து வந்துடுடா!"

அவனால் எழ முடியவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத காலடி. கதவு திறந்தது, வாடையும் கூடவே வந்தது.

வந்தவன் வெர்னரின் நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அழுகிற ஐலியை ஒருமுறை பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். வெர்னரின் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"செத்தவன் மூச்சு விடுறான் பாருங்கம்மா," என்று சொல்லிச் சிரித்தான்.