முதல் உருண்டை

காலையில் மருந்துவாழ் மலை உச்சி. இறங்கியதும் வாடகை மோட்டாரில் நாகர்கோவில் நகரம். உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். 1934இல் வெளியூர்க்காரர்களை இப்படி அழைத்துப்போவதுதான் என் பிழைப்பு. அன்று வந்தவர் திருநெல்வேலி வக்கீல் செல்வதாஸ். எனக்கு மனமெல்லாம் வடசேரியிலிருந்த வீட்டில்தான். என் ஆறு மாதப் பெண்ணுக்கு மதியம் முதல் சோறு ஊட்ட வேண்டும். முதல் உருண்டை தகப்பன் கையால். வழியெல்லாம் வக்கீலிடம் இதையே பெருமையடித்துக்கொண்டு ஏறினேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, புல்லறுக்கும் பூங்கனி பொதிச்சோற்றை அவிழ்த்து ஒரு பிடியைப் பாறைமேல் வைத்தாள். காலராக் காலத்தில் உயிர் போகுமுன்பே ஊரார் மலையில் கொண்டுபோட்ட ஒருத்திக்காம். பசித்தே செத்தவளாம். அவள் பங்கை வைக்காமல் அங்கே யாரும் வாய் நனைப்பதில்லையாம்.

வக்கீல் சிரித்தார். "யேசுரத்தினம், நீரு சபைக்காரர்தானே? இதுக்கெல்லாம் பயப்படுவீரோ?"

மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படைத்ததைத் தின்னாதே என்றும், தின்றாலும் நட்டமில்லை என்றும் பைபிளில் பவுல் இரண்டும் எழுதியிருக்கிறார்; எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். அந்தச் சோற்றை அள்ளினேன்.

"வேண்டாம் மக்கா. அது அவ பங்காக்கும்."

பூங்கனி பதறியதைச் சட்டை செய்யாமல் வாயில் போட்டேன்.

இப்போதுதான் வைத்த சோறு, அதற்குள் ஊசிப்போயிருந்தது. கொழகொழவென்று நாக்கில் ஒட்டியது. விழுங்கிய பிறகும் தொண்டையில் ஏதோ நெருடியது. விரலை விட்டு இழுத்தேன்.

தலைமயிர்.

இழுக்க இழுக்க வந்தது, ஒரு முழத்துக்கு. அடியில் அழுகிய தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. குடலே வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தேன். சீ, அந்த ருசி மட்டும் போகவில்லை.

மலையிறங்கி, மோட்டாரில் நாகர்கோவில் வந்து மணிமேடை மணிக்கூண்டைக் காட்டும்போது வக்கீல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நல்லவேளை, அந்தப் பொம்பளை இறங்கிட்டா. என்ன நாத்தம்!"

"எந்தப் பொம்பளை?"

"மலையிலேருந்து மோட்டார் படியில தொத்திக்கிட்டு வந்தாளே! உம்ம வீடு எங்கன்னு கேட்டா. வடசேரின்னு சொன்னேன்."

மோட்டார்ப் படியைப் பார்த்தேன்.

ஊசிய சோற்றுப் பருக்கைகள்.

வக்கீலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் என் மனைவி நேசபாய் முகம் கடுகடுத்து நின்றாள்.

"இப்பதான் வாறியளா? வர நேரமாவும்னு ஒரு அக்காகிட்ட சொல்லிவிட்டியளே, அவதான் பிள்ளைக்கு முதல் உருண்டை குடுத்தா. என்ன பசியோ, மிச்சச் சோத்தையும் வழிச்சுத் தின்னுட்டுப் போனா."

உள்ளே அதே ஊசல் நாற்றம்.

பாயில் கிடந்த என் மகள், பல் முளைக்காத வாயால் எதையோ மென்றுகொண்டிருந்தாள். கடைவாயில் ஈரமாக ஒரு மயிர் தொங்கியது. பிடித்து இழுத்தேன்.

வந்துகொண்டே இருந்தது.

குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்து, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள்.