அலை திரும்பும் பக்கம்

சோளகம் முதுகில் அடித்துக்கொண்டிருக்க, அலை மட்டும் முகத்துக்கு நேரே வந்தது. தெற்கிலிருந்து தீவைக் கடந்து வீசும் அந்தக் காற்று பேசாலைக் கடலை வெளியேதான் தள்ளும். அருளப்புவுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அப்படித்தான். இன்றைக்கு நுரையில்லாமல், எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று, காற்றை எதிர்த்து அலைகள் கரையேறின. கருவாட்டு மணத்துக்கு ஊடாக, காய்ச்சல் பிள்ளையின் வாயில் அடிக்கும் புளித்த வாசமும் கடலிலிருந்து வந்தது.

அவன் வேலை லேசானது. ஆழமில்லாத தண்ணீரில் நட்ட கம்பத்தைக் கடக்கும் அலைகளை எண்ண வேண்டும். அவை எந்தப் பக்கம் போகின்றன என்று திசைகாட்டியில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜீப்பில் இருந்த அதிகாரி நிறோஜன் அதைக் கணினியில் ஏற்றுவான்.

"சேர், அலை திரும்பீட்டுது."

"எந்தப் பக்கம்?"

"எங்கட வீட்டுப் பக்கம்."

"அக்கா தேத்தண்ணி வைக்கிறது அலைக்கும் தெரிஞ்சிட்டுதோ, அண்ணை?"

அருளப்பு சிரிக்கவில்லை. வீட்டில் மகள் றொஷேல் மூச்சிழுப்பு வந்து கிடந்தாள். இரவு முழுக்க அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அடுத்த மூச்சு வருமோ என்று காத்திருந்தவன் அவன்.

தேத்தண்ணிப் போத்தலும் இடுப்பில் றொஷேலுமாக மனைவி ஜெனிற்றா கரையோரமாக வந்தாள். அவள் நடக்க நடக்க, கண்ணுக்கெட்டிய கடலெல்லாம் அலைவரிசை அவள் பக்கம் சரிந்து சரிந்து திரும்பியது.

"நில்லு! அங்கயே நில்லு!"

"ஏன் இப்பிடிக் கத்திறியள்? இப்பதான் பிள்ளை கண்ணயருது."

படகு நிழலில் குவிந்திருந்த வலைமேல் பிள்ளையைக் கிடத்திவிட்டு, அவள் தனியே வந்தாள்.

அலைகள் அவளோடு வரவில்லை.

"எண்ணுங்கோ அண்ணை, நித்திரையே?" என்றான் நிறோஜன்.

எண்ணினான். அலைகள் சீராக வரவில்லை. இரண்டு குட்டை. ஒரு நீளம். ஒரு திணறல். மறுபடி இரண்டு குட்டை.

இந்தக் கணக்கு அவன் நெஞ்சுக்குத் தெரியும்.

ஓடினான்.

றொஷேல் விழித்திருந்தாள். மூச்சை விட்டாள், அலை விழுந்தது. இழுத்தாள், தண்ணீர் பின்வாங்கியது. அவன் தூக்கி அணைத்தான். உடம்பு ஈரமாய், குளிர்ந்து கிடந்தது.

"மெல்ல, செல்லம். மெல்ல."

அவள் இழுத்தாள்.

இன்னும் இழுத்தாள்.

படகுகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து சேற்றில் படுத்தன. மீன்கள் துடித்தன. ஒருவரும் கண்டிராத கறுத்த கடலடி அடிவானம்வரை திறந்து கிடந்தது. அதற்கப்பால் கடல் எழுந்து நின்றது. சுவர்போல. சத்தமில்லாமல்.

பிள்ளையின் நெஞ்சு உப்பிக்கொண்டே போனது. முகம் நீலம் பாரித்தது.

"மூச்சை விடச் சொல்லுங்கோ!" ஜெனிற்றா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "பிள்ளை சாகப்போகுது! விடச் சொல்லுங்கோ!"

அருளப்பு பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், எழுந்து நின்ற கடலைப் பார்த்தான்.

றொஷேலின் உதடுகள் மெல்லப் பிரிந்தன.