பாதி ஆட்டத்தில் ஒரு மிடறு

1976, ஆகஸ்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்தேகால் மணி. சிங்கப்பூர், ஃபேரர் பார்க் மைதானம்.

பெண்கள் கால்பந்து லீக்கின் கடைசிக்கு முந்தைய ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்து சிராங்கூன் ஸ்டார்ஸ் பெண்கள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் மறுபடி விசிலை எடுக்கும் நேரம். செண்பகம் எழுந்தாள், நடக்கப் பார்த்தாள், தொண்டையைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது பத்தொன்பது. அன்று வந்திருந்த கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள் அரைக்கால் சட்டையில் ஓடுவதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒரு சாவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது: சயனைடு. அடுத்த மணி நேரத்துக்குள் சார்ஜண்ட் எட்மண்ட் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிட்டார். அவருக்கு எதிலும் அவசரம்தான்.

திங்கள், மாலை. இன்ஸ்பெக்டர் அந்தோனியம்மாளின் அறை.

அந்தோனியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. போலீசில் சேர்ந்து இருபது வருஷம் ஆகியும் ஆண்கள் அவரிடம் விஷயத்தைச் சொல்லும்போது பாடம் நடத்துகிற மாதிரிதான் சொல்வார்கள். எட்மண்டும் அப்படித்தான் சொன்னார்.

"கேஸ் முடிஞ்சது மேடம். பிலோமினான்னு ஒரு பொண்ணு. அவளும் செண்பகமும் ஒரே டீம், ரெண்டு பேரும் ஃபார்வர்ட். ஹாங்காங் போற நேஷனல் டீம்ல ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அடுத்த வாரம் ஆள் எடுக்கறாங்க."

"விஷம் எதுல இருந்துச்சு?"

"தண்ணில இல்ல. லேப்ல பாத்தாச்சு. ஒரே பாட்டில்லதான் டீம் முழுக்கக் குடிச்சிருக்கு, ஒருத்திக்கும் தலைவலிகூட இல்ல. ஆனா பிலோமினா பாதி ஆரஞ்சுப் பழம் உரிச்சு செண்பகத்துக்குக் குடுத்திருக்கா. அதை நாலு பேர் பாத்திருக்காங்க."

"மீதிப் பாதி?"

"அவளே தின்னுட்டா."

"சயனைடு அவளுக்கு எங்க கிடைச்சது?"

எட்மண்ட் இதற்காகவே காத்திருந்தவர் போல் சிரித்தார். "செண்பகத்தோட அப்பா மருதப்பன் பத்தர். பஃபலோ ரோட்ல நகைப் பட்டறை. நகை வெளுக்க அங்க சயனைடு இருக்கு. இவ வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய் வர்றவ. கொலைக்குத் தூக்குத்தான் மேடம், வேற பேச்சே இல்ல."

"இரு. கழுத்துல கயிறை மாட்டறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பேசிடறேன்," என்றார் அந்தோனியம்மாள்.

பிலோமினாவுக்கும் பத்தொன்பது வயது. ஜூரோங்கில் ரேடியோ தொழிற்சாலை வேலை. கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"உதட்டுல என்ன?"

"முதல் பாதில காத்தோங் டீம் பொண்ணு முழங்கையால இடிச்சா."

"பழம் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அப்புறம்?"

"தண்ணி குடிச்சா. விழுந்தா."

"நீ குடிச்சியா?"

"இல்ல. பழச்சாறு பட்டு உதடு எரிஞ்சது."

"அவ எப்படிக் குடிச்சா?"

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பவும் போலத்தான்."

பொய் என்பது அந்தோனியம்மாளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் தண்ணீர் குடித்த விஷயத்தில் ஒருத்தி எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

செவ்வாய், காலை. டீமின் கேப்டன் நூருன்னிசா தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் அவளுடைய மாமா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில்ல தண்ணி யார் பிடிச்சது?"

"நான்தான் மேடம். ஆர்மி பாட்டில், பெரிசு. குழாயடியில பிடிச்சேன். செண்பகத்தோட அப்பா நின்னாரு, குடும்மா நான் தூக்கிட்டு வர்றேன்னாரு. எல்லா மேட்ச்சுக்கும் வருவாரு. அவரைவிட எங்க ஆட்டத்துல பைத்தியம் யாரும் இல்ல."

"யார் யார் எப்படிக் குடிச்சீங்க?"

"எப்படின்னா? அண்ணாந்து ஊத்திக்குவோம். ஒரு பாட்டில், இத்தனை பேர், வாய் வெச்சா நல்லாவா இருக்கும்? பிலோமினாவுக்கு மட்டும் அண்ணாந்து குடிக்க வராது, மூக்குல ஏறிடும். அதனால கடைசியா வாங்கி வாய் வெச்சுக் குடிப்பா. சீசன் ஆரம்பத்துலேருந்து அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும்."

"செண்பகம்?"

"அவளா? அவங்க வீட்ல எச்சில் விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஒரு சொட்டு உதட்டுல படாம குடிப்பா."

"அன்னிக்கு அவ குடிச்சதைப் பார்த்தியா?"

"இல்ல மேடம். அவளும் பிலோமினாவும் எங்களுக்கு முதுகைக் காட்டி தள்ளி உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நாளாவே அப்படித்தான் உக்காருவாங்க."

காலை பதினோரு மணி. மைதானத்து ஓரம்.

அங்கே டீ, சர்பத்து விற்கும் ஒலி முகம்மதுவிடம் எட்மண்ட் ஏற்கெனவே வாக்குமூலம் வாங்கியிருந்தார். அதில் இருந்தது ஒரே வரி: பெண் இறந்த அதிர்ச்சியில் தகப்பனார் கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டு உடைத்தார்.

"கிளாஸ் எப்ப விழுந்துச்சு பாய்?" என்று கேட்டார் அந்தோனியம்மாள்.

"அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கறப்ப."

"அவ விழுந்தப்புறமா?"

"இல்லம்மா. அவரு எப்பவும் டீம் பக்கம்தான் நிப்பாரு, அன்னிக்கு மட்டும் என் கடைப் பக்கம் நின்னு டீ குடிச்சிட்டிருந்தாரு. இங்கேருந்து பாத்தா அந்தப் பிள்ளைங்க முகம் நல்லாத் தெரியும். அது பாட்டிலை வாய்ல வெச்சிச்சு, இங்க கிளாஸ் விழுந்துச்சு. கால்ல சூடா கொட்டிருச்சான்னு கேட்டேன். மனுசன் பேசலை. பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. பொண்ணு கீழ விழுந்தப்புறம்தான் கயித்தைத் தாண்டி ஓடினாரு."

"இதை சார்ஜண்ட்கிட்ட சொன்னீங்களா?"

"கிளாஸ் உடைஞ்சுதான்னு கேட்டாரு. உடைஞ்சுதுன்னேன்."

அந்தோனியம்மாள் கூட வந்திருந்த எட்மண்டைத் திரும்பிப் பார்த்தார். எட்மண்ட் கோல் போஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டிலை மறுபடி லேபுக்கு அனுப்பு. தண்ணியை வேண்டாம். மூடி திருகற மரை இருக்கே, கழுத்துக்கு வெளிப்பக்கம், அதைப் பாக்கச் சொல்லு."

பிற்பகல். பஃபலோ ரோடு. கீழே பட்டறை, மேலே வீடு.

செண்பகத்தின் அம்மா லட்சுமி அழுது அழுது குரல் போய்க் கிடந்தாள். இருந்தாலும் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தாள். அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். அடுப்பங்கரை அலமாரியில் பளபளவென்று வெண்கலத் தம்ளர்கள் இருந்தன. அவள் குளியலறைப் பக்கம் போய், ஜன்னலில் கவிழ்த்திருந்த கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து வந்தாள். அந்தோனியம்மாளுக்கு அது புதிதில்லை. சிறு வயதில் எத்தனையோ வீடுகளில் பார்த்தது. வாங்கிக் குடித்தார். எரிச்சலாகத்தான் இருந்தது.

"பிலோமினாவுக்கும் இந்தக் கிளாஸ்தானா?"

"அந்தப் பாவிக்கு இதைக் குடுத்ததே தப்பு," என்றாள் லட்சுமி. "என் வீட்ல சோறு தின்னுட்டு என் பொண்ணைக் கொன்னுட்டாளே. அவ நாசமாப் போக."

மருதப்பன் சுவரில் சாய்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், தீயில் வேலை பார்த்துச் சிவந்த கண்.

"பத்தரே, உங்க பொண்ணு நல்லா ஆடுவாளா?"

"அவளை மாதிரி ஆட இந்த ஊர்ல ஆள் கிடையாது மேடம். அதிகாலைல எழுப்பி நானே ஓடவிடுவேன். பெண்ணுக்கு எதுக்கு பந்துன்னு சொந்தக்காரங்க காறித் துப்பினாங்க. ஹாங்காங்குக்கு பிளேன் ஏறட்டும், அப்புறம் பேசுங்கடான்னேன்."

"பிலோமினா?"

"கோல் அடிப்பா. அதிர்ஷ்டம். அவளைத்தான் எடுப்பாங்கன்னு பேசிக்கிட்டாங்க." சொன்னதும் அவரே திருத்திக்கொண்டார். "அதாவது, முதல்ல. அப்புறம் என் பொண்ணைத்தான் எடுக்கறதா இருந்துச்சு. அந்த வயித்தெரிச்சல்லதான் பழத்துல வெச்சுக் குடுத்துட்டா."

"பழமா? தண்ணியா இருக்காதா?"

"தண்ணியா இருக்காது. என் பொண்ணு ஒருத்தர் வாய் வெச்சதைத் தொடமாட்டா மேடம். அப்படி வளத்தேன்."

தண்ணீரில் விஷமா என்று கேட்டால், வாய் வைப்பதைப் பற்றி எதற்குப் பதில்? அந்தோனியம்மாள் எழுந்து போனார்.

மாலை நான்கு மணி. லாக்கப்.

"பிலோமினா, அவ பாட்டில்ல வாய் வெச்சுக் குடிச்சா. சரியா?"

பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதைச் சொல்லாம தூக்குல தொங்கப் போறியா?"

"அவ அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"அவதான் செத்துட்டாளே."

"அதுக்காக?" என்றாள் பிலோமினா. பிறகு உடைந்து அழுதாள். உதட்டுக் காயம் மறுபடி பிளந்து ரத்தம் வந்தது. "போன மாசம் அவங்க வீட்ல என் கிளாஸை குளிக்கிற இடத்துல வெச்சிருக்கறதைப் பார்த்துட்டேன். நான் ஒண்ணும் கேக்கலை. அவதான் வெக்கத்துல அழுதா. அதுலேருந்து மேட்ச்ல நான் குடிச்சதும் பாட்டிலைப் பிடுங்கி அவளும் வாய் வெச்சுக் குடிப்பா. எவ பாத்தாலும் வீட்டுக்குப் போயிடும்னு, திரும்பி உக்காந்து குடிப்பா. அன்னிக்கு எனக்கு எரிஞ்சது. அவதான், சரி, நான் முதல்ல குடிக்கிறேன், நீ அப்புறம் குடின்னா."

அந்தோனியம்மாள் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். அந்த முழங்கை படாமல் இருந்திருந்தால் அன்று இரண்டு பிணம் விழுந்திருக்கும். காத்தோங் பெண்ணுக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டியிருந்தார்.

புதன், காலை. லேபிலிருந்து போன் வந்தது. பாட்டிலின் மரை இடுக்குகளில் சயனைடு ஒட்டியிருந்தது.

அரை மணி நேரத்தில் அந்தோனியம்மாளும் எட்மண்டும் பஃபலோ ரோட்டுப் பட்டறையில் இருந்தார்கள். மருதப்பன் அணைந்த உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு எப்ப மேடம் தண்டனை?"

"அவளை விடப்போறேன் பத்தரே. உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

எட்மண்டால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "பெத்த அப்பன் மேடம். தன் பொண்ணைக் கொல்றதுக்கு இவருக்கு என்ன காரணம்?"

"காரணமே இல்ல. அதனாலதான் நீ இவரைத் திரும்பிக்கூடப் பாக்கலை. செத்தவளைக் கொல்ல யாருக்கு ஆசைன்னு தேடினே. இவர் கொல்ல நினைச்சது பிலோமினாவை."

மருதப்பன் உலையிலிருந்த சாம்பலைக் கிளறினார்.

"தண்ணில கலந்தா டீம் முழுக்கச் சாகும், இவர் பொண்ணும் சேர்த்து. அதனால பாட்டிலோட கழுத்துல வெளிப்பக்கம் தடவினார். குழாயடிலேருந்து தூக்கிட்டு வந்தது இவர்தான். அண்ணாந்து ஊத்தினா தண்ணி உள்பக்கமா வந்துடும், வெளிய இருக்கற மரைல படாது. வாயை வெச்சு உறிஞ்சினா உதட்டுக்குள்ள போகும். அந்த டீம்ல வாய் வெச்சுக் குடிக்கிறவ ஒருத்திதான். தன் பொண்ணு, அதுவும் பிலோமினா கை பட்ட பாட்டில்ல, வாயே வைக்க மாட்டான்னு இவருக்கு அவ்வளவு நிச்சயம். தனி கிளாஸ் வெச்சு வளத்த வீடாச்சே."

"அவ எதுக்கு வெச்சா?" மருதப்பனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஏன் மேடம் வெச்சா? அந்த எச்சில் பாட்டில்ல?"

"அந்தத் தனி கிளாஸுக்காகத்தான் வெச்சா. பிலோமினாகிட்ட உங்க சார்பா மன்னிப்புக் கேக்கற மாதிரி."

மருதப்பனின் வாய் கோணியது. அழுகை வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை தப்பிச்சவளை, பழத்தைச் சொல்லி புதன்கிழமைக்குள்ள தூக்குல போடப் பார்த்தீங்க. அதையும்கூட நான் புரிஞ்சுக்கறேன் பத்தரே, வெறி அப்படி. ஒண்ணுதான் எனக்குப் புரியலை. பாட்டில் அவ வாய்க்குப் போனப்ப உங்க கிளாஸ் கீழ விழுந்துச்சு. அவ இன்னும் ஒரு மிடறுகூட முழுங்கலை. நீங்க நின்னது கூப்பிடு தூரத்துல. ஏன் கத்தலை?"

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மருதப்பன் தன் கைகளையே பார்த்தார்.

"கத்த வாயெடுத்தேன்," என்றார். "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஏன் குடிக்கக் கூடாதுன்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். ஒரு வேளை அவ வழக்கம் போல அண்ணாந்துடுவாளோன்னு… அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. லட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, தெரியாது. இறங்கி வந்து புருஷனுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. பிலோமினாவுக்குக் கொடுத்த சாபங்களுக்குப் பிறகு அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை.

"குடிக்காதேடின்னு ஒரு வார்த்தை," என்றாள். "அதைச் சொல்றதுக்கு என்னங்க யோசனை?"

மருதப்பன் எழுந்து எட்மண்ட் பக்கம் கைகளை நீட்டினார். எட்மண்ட் விலங்கை எடுத்தார். லட்சுமி மறுபடியும் அதையே கேட்டாள். ஜீப் கிளம்பிப் போன பிறகும் காலிப் பட்டறையில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.